நூலில் மிச்சம் பிடிக்காதீர்கள்!

மஹய்யாவயில் தையல் சாமான் கடை வைத்து முப்பது வருடங்களாகின்றன. நூல், பொத்தான், ஸிப், லேஸ், இலாஸ்டிக், ஊசி என்று சில்லறையாக விற்றுத்தான் என் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். நூலைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று 2022ஆம் ஆண்டு வரை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்த எண்ணத்தை உடைத்தது ஒரு தூண்டில் தடி. அந்தக் கதையையும் அதற்குள் இருக்கும் வியாபாரக் கணக்கையும் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

தூண்டில் தடிக்கும் நமது கல்லாப் பெட்டிக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். துணி விற்பவர், இரும்புச் சாமான் விற்பவர், கைத்தொலைபேசி திருத்துபவர் எல்லோருக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

வந்தவர் கேட்டது என்ன?

2022ஆம் ஆண்டை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. வருடம் பிறந்தபோது ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதமளவில் 360ஐத் தொட்டது. எரிபொருளுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. வெளிநாட்டிலிருந்து வரும் எந்தச் சாமானையும் விலை கேட்கவே பயமாக இருந்த காலம் அது.

நமது பகுதியைச் சேர்ந்த ஒரு தம்பி ஹோட்டல் ஒன்றில் வேலை பார்த்து வந்தவர். உல்லாசப் பயணிகள் வருவது நின்றதும் வேலையும் நின்றது. சிறு வயதிலிருந்தே அவருக்குத் தூண்டிலில் ஆசை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மகாவலி ஆற்றங்கரை, பொல்கொல்லை, விடுமுறை நாளில் விக்டோரியா நீர்த்தேக்கம் என்று போய்வருவார். புதுத் தடி வாங்க முடியாமல் பலரும் பரண் மேல் கிடந்த பழைய தடிகளைத் தேடி எடுப்பதை அவர் கவனித்திருக்கிறார். வளையம் கழன்றவை, நூல் பிரிந்தவை, பூச்சு வெடித்தவை. ‘இதைத் திருத்திக் கொடுத்தால் நாலு காசு வருமே’ என்று நினைத்திருக்கிறார். வியாபார மூளை என்றால் இதுதான். மற்றவர்கள் நட்டத்தைப் பார்த்த இடத்தில் அவர் தேவையைப் பார்த்தார்.

ஒரு நாள் கடைக்கு வந்து, “நானா, தூண்டில் தடியில வளையம் கட்ட நல்ல நூல் ஏதும் இருக்கா?” என்று கேட்டார்.

என்னிடம் ரேயோன் எம்பிராய்டரி நூல் பல நிறங்களில் விற்காமல் கிடந்தது. பட்டைப் போல மின்னும். எடுத்துக் காட்டினேன். “கண்ண மூடிக்கொண்டு கொண்டு போங்க தம்பி, இதவிட நல்ல நூல் கண்டியிலேயே இல்ல” என்றேன். உண்மையைச் சொன்னால் அவருடைய தேவையை நான் பார்க்கவில்லை. என் தட்டு காலியாவதைத்தான் பார்த்தேன்.

ஒரு மாதத்தில் அவர் பதினொரு தடிகளைத் திருத்திக் கொடுத்தார். நாலு திரும்பி வந்தன. அதில் ஒன்று விக்டோரியாவில் பெரிய மீன் மாட்டியபோது வளையம் நழுவி, நரம்பு அறுந்து, மீனும் போய்விட்ட தடி. அதன் சொந்தக்காரர் தம்பியின் வீட்டு வாசலில் வந்து சத்தம் போட்டிருக்கிறார். தொழில் தொடங்கி ஒரு மாதத்தில் பெயர் கெட்டால் அந்தத் தொழில் எழும்புமா?

தம்பி என்னிடம் சத்தம் போடவில்லை. கழன்ற வளையத்தைக் கண்ணாடி மேசையில் வைத்தார். “நானா, நூல் சரியில்ல” என்றார். அவ்வளவுதான். ‘நான் நூல்தானே விற்றேன், கட்டியது நீங்கள்தானே’ என்று என் வாய் வரை வந்துவிட்டது. அதே இடத்தில் நின்று நான் சொன்ன ‘கண்ண மூடிக்கொண்டு’ என்ற வார்த்தை நினைவுக்கு வந்ததும் வாய் மூடிக்கொண்டது. குறையை மறைத்து விற்கக்கூடாது என்பது நமக்குப் புதிய பாடமல்ல. குறை எதுவென்று தேடிப் பார்க்காமல் விற்பதும் அதற்குப் பக்கத்து வீடுதான். பதினொரு தடியையும் இலவசமாகத் திருப்பிக் கட்டிக் கொடுப்பது, செலவில் பாதி என்னுடையது என்று முடிவு செய்தோம். ஆனால் எந்த நூலால் கட்டுவது?

நூல் அங்கே என்ன வேலை செய்கிறது?

தூண்டில் தடியில் நரம்பு ஓடுவதற்குச் சிறு சிறு வளையங்கள் இருக்கும். ‘கைட்’ என்பார்கள். வளையத்துக்கு ஒரு காலோ இரண்டு காலோ உண்டு. அந்தக் காலைத் தடியில் ஆணி அடித்துப் பிடிக்க முடியாது. துளை போட்டால் தடி முறியும். ஒட்டினாலும், தடி வில்லாக வளையும்போது விட்டுவிடும். ஆகவே காலின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேல் பூச்சுக் கொடுத்து இறுக்குகிறார்கள். மீன் இழுக்கும்போது வளையத்தைத் தடியோடு பிடித்து வைத்திருப்பது இந்தச் சுற்றுத்தான்.

இது இன்று நேற்று வந்த வேலையல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மூங்கிலை நீளவாக்கில் பிளந்து, பட்டைகளை ஒட்டித் தடி செய்தார்கள். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தைச் சேர்ந்த ஹைரம் லெனர்ட் என்பவர் 1870களில் ஆறு பட்டைத் தடிக்குப் பெயர் பெற்றவர். அன்றைய பசை ஈரத்துக்குத் தாங்காது. அதனால் தடி முழுவதும் சிறிய இடைவெளிகளில் பட்டு நூல் சுற்றி வார்னிஷ் பூசினார்கள். பசை விட்டாலும் நூல் விடாது. அந்தக் காலத்தில் தடியைத் தடியாக வைத்திருந்தது பட்டு நூல்.

அந்த மூங்கில் முதலில் எங்கிருந்து போனது தெரியுமா? வங்காளத்திலிருந்து. ‘கல்கத்தா மூங்கில்’ என்றே அதற்குப் பெயர். பின்னர் சீனாவின் குவாங்டொங் பகுதியில் விளையும் ‘டொங்கின்’ மூங்கில் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. கல்கத்தாவில் மூங்கில் விற்றவருக்கு மூங்கிலின் விலை கிடைத்தது. அதைப் பிளந்து, ஒட்டி, நூல் சுற்றியவருக்குத் தடியின் விலை கிடைத்தது. இடையில் இருந்தது கைவேலை மட்டும்தான். மூலப்பொருளை அப்படியே கைமாற்றி விடும் நமது வியாபாரிகள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பைபர் கிளாஸ் தடிகளும், 1970களில் காபன் தடிகளும் வந்தன. மூங்கில் போனது, பட்டு குறைந்தது, நைலோன் வந்தது. ஆனால் வளையத்தை நூல் சுற்றிக் கட்டும் வேலை மட்டும் போகவில்லை. தொழிற்சாலைத் தடிகளிலும் வளையங்களுக்கு மேல் நூல்தான் சுற்றியிருக்கும்.

நமக்கும் இது அந்நியமான வேலையல்ல. கொழும்பு – கண்டி வீதியில் வெவல்தெனியப் பக்கம் பிரம்புக் கதிரை விற்கும் கடைகளைப் பார்த்திருப்பீர்கள். கதிரையின் மூட்டில் பிரம்பு நாரைச் சுற்றி, முனையைச் சுற்றுக்குள்ளேயே செருகி மறைத்திருப்பார்கள். மாத்தளை மாவட்டத்து ஹபுவிதவில் அரக்கை இழையாக இழுத்துத் தடியில் சுற்றி, நகத்தால் அறுத்துக் கோலம் போடும் பரம்பரைக் கைவேலை இருக்கிறது. இறகையும் நூலையும் கொண்டு இலங்கைப் பெண்கள் கையால் கட்டும் ஈத் தூண்டில்கள் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன. சுற்றும் கை நம்மிடம் தாராளமாக இருக்கிறது.

பென்சிலில் நடந்த பரீட்சை

நாங்கள் கடையில் இருந்த நூல் வகை ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பென்சிலில் சுற்றினோம். பூச்சுக் கொடுத்தோம். காய்ந்த பின் ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டோம். முப்பது வருடம் விற்ற நூல்களை அன்றுதான் முதல் தடவையாகப் படித்தேன்.

சாதாரண தையல் நூல், அதாவது பஞ்சு போல நூற்ற பொலியெஸ்டர், பலமானதுதான். ஆனால் அதில் மெல்லிய மயிர் எழும்பி நிற்கும். பூச்சுக் கொடுத்ததும் சொரசொரப்பாகிவிடும். பருத்தி நூலிலும் அதே குறை. பை தைக்கும் தடித்த நைலோன் நூலில் ஏற்கெனவே ஒரு பூச்சு இருக்கும். எங்கள் பூச்சை அது உள்ளே விடாது. பருமனும் அதிகம். ரேயோன் பார்வைக்கு ராஜா. ஆனால் நனைந்தால் தன் பலத்தில் பெரும் பகுதியை இழந்துவிடும். தம்பி மேலே பூசியது தளபாட வார்னிஷ், அதுவும் ஒரே பூச்சு. தண்ணீர் உள்ளே போனது, ரேயோன் தளர்ந்தது, வளையம் நழுவியது. விஷயம் அவ்வளவுதான்.

சரியாக வந்தது எது? பொலியெஸ்டர் எம்பிராய்டரி நூல், 40ஆம் இலக்கம். மயிர் எழும்பாத தொடர் இழை, ஈரத்துக்கு அசையாது, நிறமும் மாறாது. எண்ணெயோ மெழுகோ அதிகம் ஏற்றாத நூற்கட்டையாகப் பார்த்து எடுக்க வேண்டும். அது எங்கே இருந்தது? என் கடையில், ரேயோனுக்கு அடுத்த தட்டில். “இது தண்ணீரில் நனையுமா? எவ்வளவு இழுவை வரும்?” என்ற இரண்டு கேள்விகளை அன்றைக்கு நான் கேட்டிருந்தால் கை தானாக அடுத்த தட்டுக்குப் போயிருக்கும்.

தடி கட்டுவதற்கென்றே செய்யும் நைலோன் நூல் பின்னர் வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் மூலம் கிடைத்தது. அதில் ‘ஏ’ அளவு ஏறத்தாழ 0.15 மில்லிமீற்றர் பருமன். மெல்லிய தடிகளுக்கு உரியது. ‘டி’ அளவு 0.25 மில்லிமீற்றரளவில் இருக்கும். கடல் தடி போன்ற கனமானவற்றுக்கு. சாதாரண நைலோன் நூலில் எபொக்சி ஊறினால் நூல் கண்ணாடி போலாகி நிறம் கறுத்துவிடும். நிறம் வேண்டுமென்றால் நிறம் காக்கும் திரவத்தை முதலில் பூச வேண்டும், அல்லது நிறம் மாறாதபடி முன்கூட்டியே பதப்படுத்திய நூலை வாங்க வேண்டும். எதுவானாலும் வாடிக்கையாளரின் தடியில் தொடுமுன் பென்சிலில் ஒரு தடவை பார்த்துவிடுவது புத்தி.

கட்டும் முறை

முதலில் வளையத்தின் காலை அரத்தால் நுனி மெலியும்படி தேய்க்க வேண்டும். தடித்த நுனியாக விட்டால் நூல் ஏறும் இடத்தில் இடைவெளி விழும். கூரான பிசிறு இருந்தால் அது தடியைக் கீறும்; காபன் தடி அந்தக் கீறலிலேயே முறியும். பிறகு வளையத்தை மெல்லிய ஒட்டு நாடாவால் தற்காலிகமாக நிறுத்தி, தடியின் அடியிலிருந்து ஒரு கண்ணால் பார்த்து எல்லா வளையங்களும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும்.

நூலின் முனையைத் தடியில் வைத்து, அதன் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றினால் முனை பிடித்துக்கொள்ளும். மீதி முனையை வெட்டிவிடலாம். தடியிலிருந்து தொடங்கிக் காலின் மேல் ஏறிப் போக வேண்டும். சுற்றுக்குச் சுற்று இடைவெளி விழாமல் நகத்தால் தள்ளி நெருக்க வேண்டும். முடிய ஏழெட்டுச் சுற்று இருக்கும்போது, இரண்டாக மடித்த வேறொரு நூலைக் கொக்கி போலக் கீழே வைத்து, அதன் மேல் மீதிச் சுற்றுகளைச் சுற்ற வேண்டும். நூலை வெட்டி, முனையைக் கொக்கிக்குள் கொடுத்து இழுத்தால் முனை சுற்றுகளுக்குள்ளே போய் மறைந்துவிடும். முடிச்சே கிடையாது. வெவல்தெனியக் கதிரை வேலையும் இதுவும் அண்ணன் தம்பி என்று சொன்னது இதனால்தான்.

இழுவை ஒரே சீராக இருக்க வேண்டும். பழைய தையல் மெஷினில் நூலை இறுக்கும் இரட்டைத் தட்டும் திருகும் இருக்கும் அல்லவா? பழுதான ஒரு மெஷினிலிருந்து அதைக் கழற்றி ஒரு பலகையில் பூட்டிக் கொடுத்தேன். இறுக்கம் கூடினால் காபன் தடி வளையும்போது அந்த இடத்தில் வெடிக்கும். குறைந்தால் வளையம் ஆடும். சுற்றி முடிந்ததும் விரலால் பலமாகத் தள்ளினால் வளையம் ஒரு மயிரளவு நகர வேண்டும், அதற்கு மேல் நகரக்கூடாது. அந்த மயிரளவு கடைசியாக நேர் பார்த்துச் சரிசெய்வதற்கு. அதன் பின் பூச்சு அதைப் பூட்டிவிடும்.

பூச்சும் மின்வெட்டும்

தடிக்குரிய எபொக்சி இரண்டு போத்தல்களில் வரும். இரண்டும் சரிசமமாக, தனித்தனி ஊசிக்குழாயால் அளந்து எடுக்க வேண்டும். கண்ணளவு இங்கே செல்லாது. அளவு பிசகினால் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டிருக்கும். குமிழ் எழும்பாமல் மெதுவாகக் கலந்து, அலுமினியத் தாளில் ஊற்றிக்கொண்டால் சீக்கிரம் இறுகாது. தூரிகையால் மெல்லியதாகப் பூசி, மிஞ்சும் குமிழ்களை ஸ்பிரிட் விளக்கின் சுவாலையைப் பட்டும் படாமலும் காட்டிப் போக்கலாம். மெழுகு பூசிய காகிதக் கோப்பையில் கலக்கக்கூடாது. மழை பிடித்த நாளில் பூசினால் பூச்சு மங்கும். கண்டியில் இருந்துகொண்டு மழையில்லாத நாளைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

பூசிய பின் தடியைச் சில மணி நேரம் மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் பூச்சு கீழ்ப்பக்கமாக வழிந்து தொங்கிவிடும். தம்பி பழுதான மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுழற்றும் சிறு மோட்டரைக் கழற்றிப் பூட்டியிருந்தார். நிமிடத்துக்கு ஐந்தாறு சுற்று. நல்ல வேலைதான், ஆனால் மின்வெட்டுக் காலமாயிற்றே! திருப்பிக் கட்டிய முதல் மூன்று தடிகளில் பூச்சு ஈரமாக இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. அவரும் அவருடைய உம்மாவும் தங்கையும் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஆளுக்கொரு தடியாக, பூச்சு இறுகும் வரை கையாலேயே திருப்பியிருக்கிறார்கள். மறுநாள் அந்தத் தடிகளைப் பார்த்தேன். ஒரு சொட்டுக்கூடத் தொங்கவில்லை.

அந்தப் பதினொரு தடிகளையும் அவரே வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தார். முன்னர் என்ன பிழை நடந்தது, இப்போது என்ன மாற்றம் என்று ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தார். வாசலில் வந்து சத்தம் போட்டவர்தான் அடுத்த மாதம் நண்பர்களின் தடிகள் நாலைக் கொண்டுவந்தார்.

கணக்கைப் பாருங்கள்

இனி நமது பாஷைக்கு வருவோம். இரட்டைக் கால் வளையங்கள் ஏழு உள்ள ஒரு தடிக்குப் பதினாலு கட்டு. ஒரு கட்டின் நீளம் 25 மில்லிமீற்றர் என்றால், 0.15 மில்லிமீற்றர் நூலில் ஏறத்தாழ 165 சுற்று. காலோடு சேர்த்துத் தடியின் பருமன் 7 மில்லிமீற்றர் என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 22 மில்லிமீற்றர் நூல் போகும். ஒரு கட்டுக்கு மூன்றரை மீற்றருக்குச் சற்று அதிகம். முழுத் தடிக்கும் ஏறத்தாழ 50 மீற்றர். ஆக, 100 மீற்றர் நூற்கட்டை ஒன்றில் இரண்டு தடி முடிந்துவிடும்.

வளையத்தின் விலை, எபொக்சியின் விலை, நாலைந்து மணி நேரக் கூலி எல்லாவற்றையும் எழுதிப் பாருங்கள். அந்தப் பட்டியலில் நூல்தான் எல்லாவற்றிலும் சின்னத் தொகை. அதில் மிச்சம் பிடித்தால் வருவது தேநீர்க் காசு. போவது வளையமும் எபொக்சியும் கூலியும் மட்டுமல்ல, அடுத்த வாடிக்கையாளரும்தான். ரேயோன் நூல் விற்ற அன்று எனக்குக் கிடைத்த லாபம் சில நூறு ரூபா. திருப்பிக் கட்டும் செலவில் என் பங்காகக் கொடுத்தது அதைப்போல் பல மடங்கு.

உங்கள் வியாபாரத்திலும் இப்படி ஒரு நூல் இருக்கும். தளபாடக்காரருக்கு ஆணி, பேக்கரிக்காரருக்கு ஈஸ்ட், மின்வேலை செய்பவருக்கு இணைப்புக் கம்பி. விலைப்பட்டியலில் கடைசி வரியில் கிடக்கும், பூச்சுக்குள் மறைந்துவிடும், கடையில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. பாரம் விழும் நாளில்தான் அது பேசும். அது எது என்று இன்றிரவு கடை பூட்டிய பின் பட்டியலை எடுத்து வைத்துத் தேடிப் பாருங்கள்.

இன்று அந்தத் தம்பி வீட்டு முன்னறையில் இருந்துகொண்டே தடி திருத்துகிறார். விருப்பப்பட்டவர்களுக்குப் புதிதாகவும் கட்டிக் கொடுக்கிறார். பற்றுச்சீட்டில் எந்த நூல், எத்தனை பூச்சு என்று எழுதிக் கொடுக்கிறார். ஒரு வருடத்துக்குள் கட்டு நழுவினால் இலவசம் என்றும் எழுதுகிறார். நூல் இன்றைக்கும் என்னிடம்தான் எடுக்கிறார். அந்தக் கழன்ற வளையம் என் கண்ணாடி மேசைக்குள் இருக்கிறது. யாராவது நூல் கேட்டு வந்தால் முதலில் அதைப் பார்ப்பேன். பிறகு, “எதுக்குத் தம்பி? நனையுமா? எவ்வளவு இழுக்கும்?” என்று கேட்பேன்.

அடுத்த வாரம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.